காந்தியடிகள் கண்ட முழுமையான ஆரோக்கியம்

மோகனதாஸ் கரம்சந்த் காந்தி வழக்கறிஞராக வேண்டும் என்ற ஆசையோடு வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர். 1888 ஆம் ஆண்டில் குடும்ப நண்பர் ஒருவர், பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சட்டம் படிப்பிக்கலாம் என்று ஆலோசனை கூறினார். வைத்தியப் படிப்புக்கு அனுப்ப முடியாதா என்று காந்தி கேட்டார். தமையனார் உடனே குறுக்கிட்டார். தந்தையாருக்கு அது விருப்பமில்லை என்றும், வைணவர்களாகிய தாங்கள் பிணத்தை அறுக்கும் தொழிலுக்குப் போகலாகாது என்றும் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார். அவ்வாறு அடைக்கப்பட்ட வைத்திய ஆசை அவரை விட்டுப் போகவில்லை. அறுபது ஆண்டுகளாக அது வேறு வேறு வடிவங்களில் வெளிப்பட்டுக்கொண்டே இருந்தது.

நாட்டு விடுதலைக்காக உழைத்த காந்தியடிகளை யாவரும் அறிவர். நோயாளிகளின் படுக்கையருகே இருந்த காந்தியடிகளை அறிந்தோர் சிலரே. ஆயினும் அவரைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வெவ்வேறு பணிகள் அல்ல. உடல் வேறு, மனம் வேறு, ஆன்மா வேறு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரிடம் பரிகாரம் தேடுவதை அவர் ஏற்கவில்லை. மனிதனை முழுமையாகப் பார்க்கவேண்டும் என்பதே அவரது வைத்தியத்தின் அடிப்படை. இக்கொள்கை அவருக்கு நூல்களிலிருந்து மட்டும் கிடைத்ததன்று. தம் வீட்டிலும் தம் உடம்பிலும் சோதித்துச் சோதித்தே அதனை அவர் கண்டார். அச்சோதனைகளில் சில வென்றன, சில தோற்றன. தோற்றவற்றை அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அவரது கொள்கையை இன்றும் ஆராய்ந்து பார்க்க முடிகின்றது.

பள்ளிப் பருவத்திலேயே பணிவிடை தொடங்கிவிட்டது. தந்தையார் பவுத்திர நோயால் படுத்த படுக்கையானபோது, புண்ணைக் கழுவிக் கட்டுவதும், மருந்து கொடுப்பதும், இரவில் கால் பிடித்துவிடுவதும் மகனின் வேலையாயின. 1885 இல் தந்தையார் இறந்த அந்தக் கணத்தில் மாத்திரம் மகன் அருகில் இல்லை. சற்று முன்னர்தான் தம் அறைக்குச் சென்றிருந்தார். அந்தக் குறை வாழ்நாள் முழுவதும் அவரை உறுத்தியது. பிற்காலத்தில் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால், எத்தனை அரசியல் வேலை இருந்தாலும் அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவதற்கு இந்தப் பழைய துயரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தென்னாபிரிக்காவில் இத்தொண்டு எமது மக்களோடு நேரே சம்பந்தப்படுகின்றது. 1894 இல் டர்பன் நகரில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, எசமான் அடித்ததால் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்தில் வந்து அழுதுகொண்டு நின்றார். காந்தி முதலில் செய்தது வழக்குப் போட்டதன்று. அவரை வைத்தியரிடம் அனுப்பியதே. சில காலத்தின் பின், தொழுநோயாளி ஒருவர் வாசலில் வந்து நின்றபோது, சோறு மட்டும் கொடுத்து அனுப்ப மனம் வராமல் வீட்டினுள் இருத்திப் புண்களைக் கழுவிக் கட்டினார். பின்னர் ஒப்பந்தத் தொழிலாளருக்கான அரசாங்க வைத்தியசாலைக்கு அவரை அனுப்பி வைத்தார். இந்த அனுபவத்துக்குப் பிறகு, பார்சி ருஸ்தம்ஜியின் பொருளுதவியோடு டாக்டர் பூத் நடத்திய சிறிய தரும வைத்தியசாலையில், தினமும் காலையில் ஒன்று இரண்டு மணி நேரம் மருந்து கலந்து கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். அங்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியருமான ஒப்பந்தக் கூலிகள். வழக்கறிஞர் தொழிலில் கிடைக்காத மனச்சாந்தி இந்த வேலையிற் கிடைத்தது என்று அவர் எழுதியுள்ளார்.

இதே காலப்பகுதியில் அவருடைய சொந்த உடம்பு அவருக்கு இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. மலச்சிக்கலும் தலைவலியும் அவரை அடிக்கடி வருத்தின. மான்செஸ்டரில் காலையுணவைக் கைவிடுவோர் சங்கம் ஒன்று தோன்றியிருப்பதாக வாசித்தறிந்து, தாமும் காலையுணவை விட்டார். சில நாள் கஷ்டமாயிருந்தது. பின் தலைவலி அடியோடு போய்விட்டது. தாம் வேண்டியதிலும் அதிகமாக உண்டுவந்திருப்பதாக இதிலிருந்து முடிவு செய்தார். ஆனால் மலச்சிக்கல் போகவில்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து லூயி கூனே என்பவர் எழுதிய நூலின்படி தொட்டியில் இடுப்பளவு நீரில் இருக்கும் குளியலைச் செய்து பார்த்தார். ஓரளவு சுகம். பின்னர் அடோல்ப் ஜஸ்ட் என்ற மற்றொரு ஜெர்மானியர் எழுதிய, இயற்கைக்குத் திரும்புதல் பற்றிய நூல் கிடைத்தது. சுத்தமான மண்ணைக் குளிர்ந்த நீரிற் குழைத்து, மெல்லிய துணியிற் பரப்பி, படுக்கும்போது அடிவயிற்றிற் கட்டி, விழிப்பு வரும்போது எடுத்துவிடுவதே ஜஸ்ட் சொன்ன முறை. அது தமக்கு முழுக்குணம் தந்ததென்கிறார் காந்தியடிகள். பிற்காலத்தில் அதற்கு அளவும் சொன்னார்: அகலம் 3 அங்குலம், நீளம் 6 அங்குலம், கனம் அரை அங்குலம்.

கூனேயின் அடிப்படைக் கருத்து, நோய்கள் பலவாகத் தோன்றினாலும் அவற்றின் மூலம் ஒன்றே என்பது. தவறான உணவாலும் வாழ்க்கை முறையாலும் உடம்பிற் கழிவு தேங்குகின்றது. அதுவே இடத்துக்கு இடம் வேறு பெயர் பெறுகின்றது என்றார் அவர். இன்றைய மருத்துவம் இதனை ஏற்காது. கிருமியால் வரும் நோய் வேறு, பரம்பரையால் வரும் நோய் வேறு. ஆனால் காந்தியடிகள் இக்கருத்திலிருந்து எடுத்துக்கொண்டது வேறொன்று. தலைவலிக்குத் தலையை மட்டும் பார்க்காமல், அந்த மனிதன் என்ன உண்கிறான், எப்படித் தூங்குகிறான், எதற்குப் பயப்படுகிறான், யாரோடு கோபித்திருக்கிறான் என்றெல்லாம் பார்க்கவேண்டும் என்பதே அது.

இக்கொள்கைக்கு முதற் கடும் சோதனை 1902 இல் பம்பாயில் வந்தது. பத்து வயது மகன் மணிலாலுக்கு நெருப்புக்காய்ச்சல். அதனோடு நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. பார்சி வைத்தியர் பார்த்துவிட்டு, மருந்தால் பெரிய பயனில்லை, முட்டையும் கோழி ரசமும் கொடுக்கவேண்டும் என்றார். தந்தை மறுத்தார். ஆனால் வைத்தியரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நாடியையும் நெஞ்சையும் வந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, நீர்ச் சிகிச்சையைத் தொடங்கினார். மூன்று நாட்கள் தோடம்பழச் சாற்றில் தண்ணீர் கலந்து கொடுத்தார். காய்ச்சல் 104 பாகையிலிருந்து இறங்கவில்லை. பிள்ளை இரவிற் பிதற்றினான். மகனின் உயிரைப் பணயம் வைத்துத் தம் கொள்கையைச் சோதிக்கத் தமக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அவரை வாட்டியது. இறுதியில் நனைத்துப் பிழிந்த துணியாற் பிள்ளையைச் சுற்றி, மேலே கம்பளியாற் போர்த்து, தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு, இராமநாமத்தைச் செபித்தபடி சௌபாத்திக் கடற்கரைப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு வியர்த்திருந்தது. காய்ச்சல் தணியத் தொடங்கியது. அதன்பின் நாற்பது நாட்கள் தண்ணீர் கலந்த பாலும் பழச்சாறுமே உணவு.

இக்கதையைச் சொல்லும்போது காந்தியடிகள் வெற்றிக்கொடி நாட்டவில்லை. கடவுளின் அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, கவனமான உணவாலும் பராமரிப்பாலுமா பிள்ளை பிழைத்தான் என்று யாரால் சொல்ல முடியும் என்றே கேட்கிறார். இரண்டாண்டுகளின் பின் ஜொகன்னஸ்பேர்க்கில் நடந்ததும் இதைப் போன்றதே. 1904 இல் சுரங்கமொன்றில் வேலை செய்த இந்தியர் 23 பேர் நிமோனியப் பிளேக் நோயோடு குடியிருப்புக்குத் திரும்பினர். காந்தியும் டாக்டர் கொட்ஃபிறேயும் சில இளைஞரும் உயிருக்கு அஞ்சாது பணி செய்தனர். பின்னர் நகரசபை ஒரு பண்டகசாலையையும் ஒரு தாதியையும் கொடுத்தது. நோயாளருக்கு அடிக்கடி பிராந்தி கொடுக்கும்படி உத்தரவு. டாக்டரின் அனுமதியோடு, பிராந்தி வேண்டாமென்ற மூன்று பேருக்குக் காந்தி தலையிலும் மார்பிலும் ஈரமண் கட்டினார். மூவரில் இருவர் பிழைத்தனர். மற்ற இருபது பேரும் இறந்தனர். அந்தத் தாதியும் நோய் தொற்றி மாண்டார். அவ்விருவரும் எப்படிப் பிழைத்தனர் என்று சொல்ல முடியாது. தமக்கு மண்சிகிச்சையில் நம்பிக்கையும் பிராந்தியில் அவநம்பிக்கையும் வளர்ந்தன, ஆனால் இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்று அவர் எழுதினார். தம் மருந்து ஒருவருக்குப் பலித்ததும் ஊரெல்லாம் விளம்பரம் செய்வோர் மலிந்திருக்கும் காலத்தில், இந்த ஒரு வசனம் பல மருந்துகளுக்குச் சமம்.

இந்த அனுபவங்களைத் திரட்டி 1913 இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் ஆரோக்கியம் பற்றிய தொடர் கட்டுரைகளைக் குஜராத்தியில் எழுதினார். அவை நூலாகிப் பல மொழிகளிற் பரவின. மீண்டும் அதே பொருளை அவர் எடுத்துக்கொண்ட சந்தர்ப்பம் துயரமானது. 1942 ஆகஸ்ட் மாதம் கைதாகிப் பூனாவில் ஆகாகான் மாளிகையில் அடைக்கப்பட்டார். ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 15 இல், இருபத்தைந்து ஆண்டுகள் நிழல்போல் இருந்த செயலாளர் மகாதேவ தேசாய் அங்கேயே காலமானார். பன்னிரண்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 27 இல், காந்தியடிகள் ஆரோக்கியத் திறவுகோல் என்ற சிறு நூலை எழுதத் தொடங்கி டிசம்பர் 18 இல் முடித்தார். டாக்டர் சுசீலா நய்யார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அரசியல் பேசும் நூலன்று அது. காற்று, தண்ணீர், உணவு, மிளகாய், தேநீர், கள், புகையிலை, பிரமச்சரியம், மண், வெயில், ஆகாயம் என்பனவே அதன் பொருள்.

நூலின் தொடக்கத்தில் ஆரோக்கியம் என்றால் என்ன என்ற கேள்வி எழுகின்றது. உண்டு, நடமாடி, வைத்தியரை அழைக்காதவன் எல்லாம் ஆரோக்கியமானவன் அல்லன் என்கிறார். நோயற்ற உடம்போடு, நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் களைப்பின்றி நடக்கவும், சாதாரண உடலுழைப்பைச் சோர்வின்றிச் செய்யவும், எளிய உணவைச் செரிக்கவும் வல்லவனாய், மனமும் புலன்களும் ஒத்திசைந்து நிற்பவனே ஆரோக்கியமானவன் என்பது அவரது விளக்கம். குத்துச்சண்டைக்காரரின் பருத்த உடம்பை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை. உடம்பு பஞ்சபூதங்களால் ஆனது. உலகத்தின் சிறிய வடிவம் அது. ஆகவே உலகில் எவை சீராக இருக்கவேண்டுமோ அவை உடம்பிலும் சீராக இருக்கவேண்டும். அண்டமும் பிண்டமும் ஒன்றென்பதைச் சித்தர் வழியிற் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. புதியது என்னவென்றால், கூனேயும் ஜஸ்டும் சொன்ன மேலைநாட்டுச் சிகிச்சையை அவர் அந்தப் பழைய தத்துவத்தின் மேல் வைத்துக் கட்டியதே.

பஞ்சபூதங்களுள் ஆகாயத்தைப் பற்றி அவர் கூறுவது தனியே சிந்திக்கத்தக்கது. மண், நீர், தீ, காற்று என்பவற்றால் சிகிச்சை செய்வது விளங்கும். ஆகாயத்தால் எப்படிச் சிகிச்சை செய்வது? ஆகாயம் என்பது வெற்றிடம் என்கிறார் அவர். வயிற்றை முழுவதும் நிரப்பாமல் இடம் விடுவதும் ஆகாய சிகிச்சையே. இடையிடையே உபவாசம் இருப்பதும் அதுவே. வீட்டைத் தளபாடங்களால் நிறைக்காதிருப்பதும், உடம்பை அளவுக்கு மிஞ்சிய உடையால் மூடாதிருப்பதும், இயன்றபோது திறந்தவெளியில் வானத்தைப் பார்த்துப் படுப்பதும் அவ்வகையினவே. வெள்ளிக்கிழமை விரதமும் கந்தசஷ்டி உபவாசமும் அனுட்டிக்கும் குடும்பங்களில், விரதம் முடிந்த அன்றே இலையிற் கொள்ளாத பதார்த்தங்களைக் குவிப்பதைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரிந்ததே.

உணவை மருந்துபோல் உண்ணவேண்டும், நாக்குக்காக அன்று என்பது அவரது விதி. இருந்து வேலை செய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பசுப்பால் 2 இறாத்தல், தானியம் 6 அவுன்ஸ், இலைக்கறி 3 அவுன்ஸ், ஏனைய மரக்கறி 5 அவுன்ஸ், பச்சையாக உண்ணும் மரக்கறி 1 அவுன்ஸ், நெய் ஒன்றரை அவுன்ஸ், வெல்லம் அல்லது சீனி ஒன்றரை அவுன்ஸ், இவற்றோடு வசதிக்கேற்பப் பழம், தினம் இரண்டு தேசிக்காய் என்று நிறுத்துச் சொல்கிறார். தானியத்தின் அளவைக் கவனிக்கவேண்டும். அரிசி, கோதுமை முதலிய யாவும் சேர்த்து ஏறத்தாழ 170 கிராம்தான். ஒரு வேளைக்கே அதற்கு மேற்பட்ட அரிசிச் சோற்றை உண்டு, மாலையில் வடையும் சீனித் தேநீரும் எடுத்து, நாற்பது வயதில் நீரிழிவுக் கொப்பியோடு கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்கள் இக்கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. அதற்காக, கொடுத்த குளிசையை நிறுத்திவிட்டு மண் கட்டத் தொடங்குவதும் தவறு. உணவுக் கட்டுப்பாடு மருந்துக்குத் துணையாகட்டும்.

நாவடக்கம் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு அவரது இல்லற வாழ்வே சான்று. கஸ்தூரிபா அம்மையார் தென்னாபிரிக்காவில் இரத்தப்போக்கு நோயால் மிகவும் மெலிந்திருந்தார். மயக்கமருந்து கொடுக்கமுடியாத பலவீனத்தில் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் நோய் திரும்பவும் வந்தது. உப்பையும் பருப்பு வகைகளையும் விட்டுப்பார் என்று கணவர் பல நாள் கெஞ்சினார். நீங்கள் விடுவீர்களா, உங்களிடம் சொன்னால் உங்களாலும் முடியாது என்று அம்மையார் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் காந்திக்கு மகிழ்ச்சி. வைத்தியர் எவரும் எனக்குச் சொல்லவில்லை, ஆனாலும் இன்றிலிருந்து ஓராண்டுக்கு நான் இரண்டையும் விட்டேன், நீ விட்டாலும் விடாவிட்டாலும் சரி என்றார். அம்மையார் அழுதுவிட்டார், தாமும் விட்டார், உடம்பும் தேறியது. உப்பை விட்டதால் தேறியதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நோயாளிக்குப் பத்தியம் சொல்பவர் தாமும் அப்பத்தியத்தில் நின்றாரென்பதே இங்கு மருந்து. வீட்டிலே சீனி வருத்தக்கார அம்மாவுக்கு மட்டும் குரக்கன் பிட்டைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் எதிரே இருந்து பாயசம் குடிப்பது எவ்வளவு கொடுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

கஸ்தூரிபா அம்மையார் 1927 நவம்பரில் காந்தியடிகளோடு இலங்கைக்கும் வந்தவர். கதர் நிதிக்காக வந்த அப்பயணத்தில் கொழும்பு, கண்டி, மலையகம், யாழ்ப்பாணம் எங்கும் கூட்டங்கள் நடைபெற்றன. மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். உடம்பைக் கெடுக்கும் கள்ளும், ஊரைக் கெடுக்கும் சாதிவேற்றுமையும் அவருக்கு ஒரே நோயின் இரண்டு குறிகளாகவே தோன்றின. ஒரு கூட்டத்தில், அம்மையாரைக் காந்தியின் தாயார் என்று ஒருவர் தவறுதலாக அறிமுகப்படுத்திவிட்டார். காந்தியடிகள் திருத்தியபோது, அது மன்னிக்கத்தக்க பிழை என்றும், தாயை இழந்த தமக்கு நெடுங்காலமாக அவரே தாயாகவும் நோயிற் பணிசெய்யும் தாதியாகவும் இருந்து வருகிறார் என்றும் சொன்னார்.

இத்தனை கட்டுப்பாட்டோடு வாழ்ந்தவருக்கு நோயே வரவில்லையா என்று கேட்கலாம். நிறைய வந்தன. 1918 இல் ஒரு பண்டிகை நாளில் இனிப்புக் கஞ்சியும் பயறும் உண்டதோடு தொடங்கிய வயிற்றுளைவு அவரை மரணவாசல்வரை கொண்டுசென்றது. கறவைப் பசுக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை அறிந்து 1912 முதல் பாலை விட்டிருந்தார். பாலின்றி உடம்பு தேறாது என்று பம்பாய் டாக்டர் தலால் சொன்னார். விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தானே மனதில் இருந்தன, ஆட்டுப்பால் ஆகாதா என்று கஸ்தூரிபா கேட்டார். காந்தி இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் கருத்தைக் கொன்றேன் என்ற பொருளில் பின்பு வருந்தி எழுதினார். ஆட்டுப்பால் காந்தி என்று உலகம் வேடிக்கையாகச் சொல்லும் பழக்கத்தின் பின்னால் இப்படியொரு மனவேதனை இருந்தது. 1940 இல் அவரது இரத்த அழுத்தம் 220/110 வரை உயர்ந்ததாகவும் பதிவுண்டு.

வைத்தியசாலைகளை 1909 இல் எழுதிய ‘இந்திய சுயராச்சியம்’ நூலில் மிகக் கடுமையாகத் தாக்கினார். மருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் மனிதன் மேலும் மேலும் தவறாக உண்டு வாழ்கிறான் என்பது அவரது குற்றச்சாட்டு. ஆனால் 1924 ஜனவரி 12 இரவு, எரவாடாச் சிறையிலிருந்து குடல்வளரி அழற்சியோடு பூனா சசூன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஆங்கிலேயரான கேணல் மடொக்கிடம் சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்துத் தம் கையாலேயே ஒப்பமிட்டார். அருகில் இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். சத்திரசிகிச்சையின் நடுவில் மின்சாரம் நின்றுவிட, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். உயிர் பிழைத்ததற்கு அவர் நன்றியுடையவராயிருந்தார். எனினும் இந்நோய் தம் மனம் இன்னும் முழுவதும் தம் வசப்படவில்லை என்பதற்கு அடையாளம் என்றே எண்ணினார். இவ்வெண்ணம் சரியன்று. குடல்வளரி அழற்சி மனக்கட்டுப்பாட்டைப் பார்த்து வருவதில்லை. நோயை ஒழுக்கக் குறையின் விளைவென்று நினைக்கும் பழக்கம், நோயாளிக்கு நோவோடு குற்றவுணர்ச்சியையும் சேர்த்துச் சுமத்திவிடும். தம்மையே அளவுக்கு மிஞ்சிக் கண்டித்துக்கொண்டவர் அவர்.

தடுப்பூசி விடயத்தில் அவர் பிழைத்தார் என்பதை அவரிடம் அன்புடையோரும் ஒப்புக்கொள்ளவேண்டும். அம்மைப்பால் குத்துவதை அவர் எதிர்த்தார். 1930 இல் சபர்மதி ஆச்சிரமத்தில் பெரியம்மை பரவிச் சில குழந்தைகள் இறந்தபோது அவர் நெஞ்சுடைந்து போனார், கொள்கையை மாற்றவில்லை. ஆனால் அதே தடுப்பூசியால்தான் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டு, 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அதனை அறிவித்தது. மறுபுறம், சுதேச வைத்தியத்தையும் அவர் கண்மூடிப் புகழ்ந்தவரல்லர். 1925 இல் கல்கத்தாவில் ஆயுர்வேத வைத்தியர் முன்னிலையில் பேசியபோது, பழம்பெருமை பேசிக் காலம் கழிக்கிறார்கள், ஆராயும் ஊக்கம் அவர்களிடம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

மனத்தின் நோய்க்கும் உடம்பின் நோய்க்கும் பொதுவான மருந்தாக அவர் கருதியது இராமநாமம். சிறுவயதிற் பேய்க்குப் பயந்தபோது, வீட்டுப் பணிப்பெண் ரம்பா என்பவர் அந்நாமத்தைச் சொல்லிக் கொடுத்தார். படித்த பண்டிதர் எவரும் சொல்லிக் கொடுத்ததன்று. எழுபத்தைந்து வயதுக்குமேல் அதனையே எல்லா நோய்க்கும் பெருமருந்தென்று எழுதினார். ஆனால் அதற்கு நிபந்தனைகள் விதித்தார். உதட்டளவில் உச்சரித்தால் மந்திரவாதமாகிவிடும், உள்ளத்திலிருந்து வரவேண்டும். அளவாக உண்ணாமல், முற்றத்தைக் கூட்டாமல், துன்பப்படுவோருக்கு உதவாமல் நாமம் மட்டும் சொல்வதில் பயனில்லை. இராமன் என்பது தசரதன் மகனை மட்டும் குறிப்பதன்று. அவரவர் வழிபடும் எந்த நாமமும் அதுவே என்றும் விளக்கினார். அவர் நாமத்தை வைத்தியசாலைக்கு மாற்றாகச் சொன்னாரா, மனத்துக்கு உறுதி தருவதாகச் சொன்னாரா என்பதில் அவரது எழுத்துக்களிலேயே இரண்டுக்கும் இடமிருக்கின்றது.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது 1944 இல். ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா இருதய நோயாலும் சுவாச நோயாலும் நலிந்து, நிமோனியாவும் கண்டு கிடந்தார். மகன் தேவதாஸ் அரிதின் முயன்று, அப்போது புதிதாக வந்திருந்த பென்சிலின் மருந்தைக் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வரவழைத்தார். சில மணிக்கொருமுறை ஊசி போடவேண்டும் என்று அறிந்ததும் காந்தியடிகள் வேண்டாம் என்றார். சாகும் தறுவாயில் இருக்கும் தாயை ஏன் மேலும் வருத்துகிறாய், கடவுளிடம் விட்டுவிடு என்றார் மகனிடம். பெப்ரவரி 22, சிவராத்திரி தினத்து மாலையில், கணவரின் மடியில் அம்மையாரின் உயிர் பிரிந்தது. அறுபத்திரண்டு ஆண்டு இல்லறம். பென்சிலின் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இன்றும் வாதிடுகின்றனர். இருதயமும் சிறுநீரகமும் ஏலவே சோர்ந்துவிட்ட நிலையில் அது பயன் தந்திராது என்பாரும் உளர். முயன்றாவது பார்த்திருக்கலாம் என்பாரும் உளர். தாயின் கட்டிலருகே நின்ற மகனின் பக்கமும் நியாயம் இருந்தது.

விடுதலையான பின் இயற்கை வைத்தியத்தை ஏழைகளுக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் அவருக்கு வலுத்தது. முதலிற் பூனா நகரில் டாக்டர் தின்ஷா மேத்தாவின் நிலையத்தை அதற்கு அமைக்க எண்ணினார். பின்னர், பட்டினத்திலிருந்து ஏழைக்கு வைத்தியம் செய்யலாமென நினைத்தது தம் மடமை என்று கூறி, 1946 மார்ச் மாதம் பூனாவுக்கு அண்மையிலுள்ள உருளிகாஞ்சன் கிராமத்துக்குச் சென்று ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார். காய்ச்சல்காரரும் வயிற்று நோயாளரும் வந்தனர். வெயிற் குளியல், இடுப்புக் குளியல், பால், மோர், பழச்சாறு, நாமசெபம் என்பனவே அவர் எழுதிக் கொடுத்தவை. கிராமத்திற் கிடைக்காத எதையும் எழுதிக் கொடுக்கலாகாது என்பது அவர் அங்கு வகுத்த விதி. ஊரைத் துப்புரவு செய்வதும் அச்சிகிச்சையின் ஒரு பகுதியாயிருந்தது. அவர் சென்றபின் மணிபாய் தேசாய் அங்கேயே தங்கி அந்த ஆச்சிரமத்தை வளர்த்தார். பூனா நிலையம் இருந்த இடத்தில் 1986 முதல் இந்திய அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இயங்குகின்றது.

சேவாக்கிராமத்தில் அவர் செய்த இன்னொரு வைத்தியத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பர்ச்சுரே சாஸ்திரி என்ற வடமொழிப் பண்டிதர் தொழுநோயால் பீடிக்கப்பட்டு, எவரும் ஏற்காத நிலையில் ஆச்சிரமத்துக்கு வந்தார். காந்தியடிகள் தம் குடிலுக்கு அண்மையில் அவருக்குக் குடில் அமைத்துக் கொடுத்து, தம் கையாலேயே அவர் உடம்பைப் பிடித்துவிட்டார். அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து அவரிடம் இல்லை. ஆனால் சாஸ்திரியார் அங்கு நோயாளியாக மட்டும் கிடக்கவில்லை. ஆச்சிரமத்தவர்க்கு வடமொழி கற்பித்தார், திருமணங்களை நடத்திவைத்தார்.

1947 மே மாதம் பட்னாவில், பேத்தி முறையான மனுவுக்குக் கடும் வயிற்றுவலி வந்தது. காந்தியடிகள் வழக்கம்போல் மண் கட்டினார், உணவை நிறுத்தினார். வலி குறையவில்லை. குடல்வளரி அழற்சி என்று டாக்டர்கள் சொன்னதும், இம்முறை தாமதிக்காமல் சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்தார். தம் நம்பிக்கைக்கு இது தோல்வியென்றே அவர் எண்ணினார். ஆயினும் அன்றிரவு வைத்தியசாலைக்குச் சென்று, மற்றவர்களைப் போல முகத்திரை கட்டிக்கொண்டு, சத்திரசிகிச்சை முடியும்வரை பிள்ளையின் அருகிலேயே இருந்தார்.